நான் அழித்த இரண்டாவது சுருள்

சிட்னியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பார்ப்பது. ஊருக்கு எழுதிய கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன்: நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்க்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று. யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைக்காட்சி இல்லை. அம்மா அதை நம்பவில்லை. நான் எங்கேயோ கூட்டித் துடைக்கிற வேலை செய்துகொண்டு மறைக்கிறேன் என்று சொல்லி அழுதாராம். அக்கா பிறகு எழுதினாள்.

நகரின் வடக்குப் பக்கம் இருந்த ஒரு தொலைக்காட்சி நிலையம் அது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த ஒளிநாடாக்களை நிலத்தடி அறையில் இரும்பு அடுக்குகளில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து நாடா இரண்டு அங்குல அகலம். ஒரு சுருளைத் தூக்கினால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிற பாரம். புதிதாக வரும் சுருளைச் சின்னத் திரையில் ஓடவிட்டுப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள், தூரத்துக் காட்சியா கிட்டத்துக் காட்சியா என்று ஒரு மட்டையில் தட்டச்சு செய்ய வேண்டும். மட்டையின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்று வைத்திருப்பதற்கு, மற்றது அழிப்பதற்கு. நாடா விலை கூடிய பொருள். ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவு செய்வார்கள்.

எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று மேலதிகாரி தீர்மானிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. நடந்தது வேறு. புள்ளடியை நான் போட்டுப் பக்கத்தில் என் கையெழுத்தைச் சுருக்கி வைப்பேன். அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டைக் கட்டை எடுத்து, வாசிக்காமலே கீழே ஒப்பமிடுவார். குதிரைப் பந்தயம், சமையல், பிள்ளைகளுக்கான கதை, தேர்தல் பேச்சு, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி நான் புள்ளடி போட்டிருக்கிறேன். ஒரு கூச்சமும் இருந்ததில்லை. ஒருமுறை காட்டியாயிற்று, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் அங்கே எல்லோருடைய நினைப்பும்.

அழிக்கிற வேலையைச் செய்தவர் நாடா இயந்திரங்களை ஓட்டுபவர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து கப்பலில் வந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அறையில் காந்தம் பொருத்திய ஒரு மேசை இருந்தது. அதன்மேல் சுருளை வைத்துச் சுழற்றினால் மேசை உறுமும். அரை நிமிடம் போதும், நாடா வெறுமையாகிவிடும். அந்த நிலையத்தில் ஆங்கிலத்தை யோசித்து யோசித்துப் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். தேநீர் நேரத்தில் ஒரே மேசையில் இருப்போம். பெரும்பாலும் பேசாமல்.

நானும் என் கணவரும் எழுபத்துமூன்றில் வந்தோம். கொழும்பில் அவர் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். இங்கே அவருடைய சான்றிதழ்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் பென்டில் ஹில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பண்டகசாலையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. டூங்கபியில் வீடு எடுத்தோம். மெல்லிய தகடு அடித்த சுவர்கள். குளிர் காலத்தில் சுவரைத் தொட்டால் கை விறைக்கும். அந்தத் தெருவில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளி ஒரு வைத்தியர் குடும்பம் இருந்தது. அவ்வளவுதான்.

என் கணவர் அதிகம் பேசாதவர். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசற்படியில் இருந்து ஒரு சிகரெட் பிடிப்பார். பிறகு வானொலியைப் போடுவார். கொழும்பில் இருந்த காலத்திலேயே அவருக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டில் ஒரு பித்து இருந்தது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல்கள். சோல் என்பார்கள். எனக்கு அது யாரோ முற்றத்தில் நின்று முறைப்பாடு சொல்வதுபோலத்தான் கேட்கும். நான் முகத்தைச் சுளித்தால் சத்தத்தைக் குறைப்பார். நிறுத்தமாட்டார்.

எழுபத்துநான்கு குளிர்காலத்தில் எனக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்தது என்று சொல்வது சரியோ தெரியவில்லை. எட்டாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், அரை மயக்கத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. கண் விழித்தபோது தாதி ஒருத்தி திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பெண் பிள்ளை," என்றாள். "கொண்டுபோய்விட்டோம்."

பார்க்க வேண்டும் என்றேன். பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்றாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அடக்கம் செய்வதையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். தகப்பன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

பின்னேரம் அவர் வேலை உடுப்போடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"கையெழுத்துப் போட்டனீங்களோ?"

"ஓம்."

"பிள்ளையைப் பாத்தனீங்களோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே கார் நிறுத்துகிற இடம்தான் இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது. நீர் இனி அதை யோசியாதையும்."

அவருடைய கண்கள் காய்ந்து கிடந்தன. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது, நான் தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளைக் காணவில்லை. கேட்டதற்கு, "குடுத்திட்டன்" என்றார். பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்த அந்தக் கிழமை முழுக்க அவர் குசினியில் சோறு வடித்தார், பருப்புக் காய்ச்சினார், என் உடுப்புகளையும் தோய்த்துப் போட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. அவர் செய்த வேலைகள் எதுவும் என் கணக்கில் ஏறவில்லை. அழாதது மட்டும் ஏறியது.

வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் வேலை தேடினேன். அப்படித்தான் அந்த நிலத்தடி அறைக்கு வந்தேன்.

அடுத்த ஆண்டு, வர்ணத் தொலைக்காட்சி வந்த புதிதில், அமெரிக்காவிலிருந்து ஒரு சோல் பாடகி சிட்னிக்கு வந்தார். பெயரைச் சொன்னால் அந்தப் பாட்டுகள் தெரிந்தவர்களுக்கு உடனே தெரியும். அது இங்கே வேண்டாம். அவருடைய நல்ல காலம் பத்து வருடம் முன்னாலேயே முடிந்திருந்தது. எங்கள் நிலையத்தின் பெரிய கூடத்தில் பார்வையாளர்களை இருத்திவைத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கச்சேரியைப் பதிவு செய்ய ஏற்பாடு நடந்தது. நுழைவு இலவசம். அப்படியும் பாதிக் கதிரைகளுக்கு ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மேலதிகாரி அறை அறையாக வந்து, "குடும்பத்தைக் கூட்டி வாருங்கள், வெறும் கதிரை படத்தில் தெரியக்கூடாது" என்று சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் வானொலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவவோ? உங்கடை இடத்திலையோ?"

"ஓம். விருப்பமெண்டால் வாங்கோ."

அடுத்த நாள் தானே சேர்ட்டை அழுத்தி, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அவர் அப்படி நடந்து நான் கண்டு கனகாலம்.

எனக்கு அன்றைக்கு வாசலில் வேலை. வருகிறவர்களின் பெயரைப் பட்டியலில் வெட்டி உள்ளே விட வேண்டும். கதவைச் சாத்திய பிறகு நான் வெளியிலேயே இருந்தேன். கதவுக்குள்ளால் மேளச் சத்தம் மட்டும் வந்தது. ஒரு நேரம் அதுவும் நின்றது. கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பழுது ஏதோ என்று நினைத்தேன்.

முடிந்து சனம் வெளியே வந்தபோது எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். பாட்டை மறந்துவிட்டார் என்றார் ஒருவர். குடித்திருக்கிறார் என்றாள் ஒருத்தி. என் கணவரைக் காணவில்லை. எல்லோரும் போன பிறகு, பின்பக்கத்து நடையால் வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"எங்கை போனனீங்கள்?"

"சிகரெட் ஒண்டு பிடிச்சனான்."

ரயிலில் நானாகவே கேட்டேன். "இடையிலை பாட்டை மறந்து போய் நிண்டாவாமே?"

"மறக்கேல்லை," என்றார். பிறகு, "அவவுக்குப் பாட ஏலாமல் போச்சுது. அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கச்சேரி இரண்டு சுருளில் இருந்தது. செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது. முதலாவதைப் பார்த்தேன். பச்சைச் சட்டையில் தடித்த பெண், நெற்றியில் வியர்வை, பின்னால் பத்துப் பேர் வாத்தியத்தோடு. நன்றாகத்தான் பாடினார். வைத்திருக்கச் சொல்லிப் புள்ளடி போட்டேன். இரண்டாவதை ஓடவிட்டபோது, படத்தொகுப்பில் வேலை செய்த இரண்டு இளைஞர்கள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பாடகி நின்றுபோன இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

அந்த இடம் வந்தது. பியானோக்காரர் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். பாடகி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பியானோக்காரர் திரும்பவும் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கத் தொடங்க, பாடகி திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஒரு நிமிடத்துக்குக் கிட்ட அப்படியே நின்றார். விளக்குகள் முகத்தில் விழுந்திருந்தன, ஒளிய இடமில்லை. பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல், மிகவும் தாழ்ந்த குரலில், எதிரில் யாருமே இல்லாததுபோலப் பாடத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாட்டில் பாதிச் சொல் விளங்கவில்லை. ஆனால் முதன்முறையாக அது முறைப்பாடாகக் கேட்கவில்லை.

படம் பிடித்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும். கமராவைச் சனத்தின் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாக வெள்ளை முகங்கள். பலர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் வரிசைக் கரையில் ஒரு கறுத்த மனிதர், கலியாணக் கோட்டோடு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், துடைக்காமல். கண்ணீர் நாடி வரைக்கும் ஓடிக் கோட்டில் விழுந்தது. கமரா அவரைக் கண்டுபிடித்துவிட்டது, விடவில்லை. கிட்டப் போனது. ஏழெட்டு விநாடி முழுத் திரையிலும் என் கணவரின் முகம்.

"யாரப்பா இந்த ஆள்?" என்றான் ஒருவன். "இது இலவச நிகழ்ச்சி, காசு ஒன்றும் போகவில்லை என்று யாராவது அவருக்குச் சொல்லுங்கள்."

மற்றவன் சிரித்தான். நான் என் கணவர் என்று சொல்லவில்லை. நானும் சிரித்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அது உண்மையா, பிறகு நானே என்மேல் சுமத்திக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு நாடாவைப் பின்னோக்கி ஓட்டி இன்னொருதரம் பார்த்தேன். முதலில் வந்தது வெட்கம். அது சீக்கிரம் போய்விட்டது. பிறகு வந்தது கோபம். இவரால் அழ முடியும். இவருக்குக் கண்ணீர் இருக்கிறது. யாரோ ஒரு பாடகிக்கு, ஊர் பேர் தெரியாத சனத்துக்கு நடுவில் இருந்து கொட்டுவதற்கு இருக்கிறது. எனக்கு இல்லை, என் பிள்ளைக்கு இல்லை.

மட்டையில் அந்த விநாடிகளுக்கு நேரே "பார்வையாளர், பொதுக் காட்சி" என்று அடித்தேன். அடியில், அழிக்கிற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் கையெழுத்து. நிகழ்ச்சி இயக்குநர் இந்தப் பாட்டு ஒளிபரப்புக்கு உதவாது, முதல் சுருளே நிகழ்ச்சிக்குப் போதும் என்று முன்னரே சொல்லியிருந்தார். அதனால் யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மேலதிகாரி ஒப்பமிட்டார். திங்கட்கிழமை சுருள் அடுக்கில் இல்லை.

சில வாரங்கள் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்து பார்த்தோம். அவர் கதிரையின் விளிம்பில் இருந்தார். முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பாட்டைக் காணேல்லை."

"எந்தப் பாட்டு?"

"அவ நிண்டு போட்டுத் திரும்பப் பாடினது."

"நேரம் காணாதெண்டு வெட்டியிருப்பினம்."

"வெட்டினதை என்ன செய்வினம்? வைச்சிருப்பினமோ?"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"நீர் கேட்டுப் பாரும். வைச்சிருந்தால் ஒருக்கால் பாக்கலாமோ எண்டு."

"கேக்கிறன்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். அவர் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. எதையும் இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். சண்டை இல்லை. சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போவோம். வைத்தியர் வீட்டில் தீபாவளிக்குச் சாப்பிடுவோம். "ஏன் அழுதனீங்கள்?" என்று இரண்டு சொல் கேட்டிருக்கலாம். பல தடவை வாய்வரை வந்தது. கேட்டால், பிள்ளைக்கு ஏன் அழவில்லை என்ற அடுத்த கேள்வியும் சேர்ந்து வரும். அதற்கு அவர் என்ன பதில் சொல்வாரோ என்று எனக்குப் பயம்.

எழுபத்தேழில் ஒரு வியாழக்கிழமை காலை பண்டகசாலையில், அடுக்குகளுக்கு இடையில் அவர் விழுந்தார். நெஞ்சுவலி. வாகனம் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று. தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நான் ஒரு நாய்க் கண்காட்சியின் மட்டையை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செத்தவீட்டுக்கு இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் அவரோடு வேலை செய்தவர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வைத்தியரின் மனைவி என்னைக் கட்டிப்பிடித்து, "ஒரு பிள்ளை குட்டியாவது இருந்திருந்தால்" என்று சொல்லி அழுதார். நல்ல மனுசி. எனக்கு அழுகை வரவில்லை. சனம் என் காய்ந்த கண்ணைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அவர் போய் ஏழாவது மாதம் அந்தப் பாடகி அமெரிக்காவில் இறந்துபோனார். காலைச் செய்தியில் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் செய்திப் பிரிவிலிருந்து ஆட்கள் நிலத்தடி அறைக்கு இறங்கி வந்தார்கள். அன்றைக்குப் பின்னேரமே ஒரு நினைவு நிகழ்ச்சி போட வேண்டும். முதல் சுருளை எடுத்துக் கொடுத்தேன். விமான நிலையத்தில் அவர் இறங்கி நடந்த துண்டுப் படம் ஒன்று இருந்தது, அதையும் கொடுத்தேன்.

"இது இல்லை," என்றார் அன்றைக்குப் படம் பிடித்தவர். "அவர் நின்றுபோன பாட்டு. வாத்தியம் இல்லாமல் பாடியது. அதுதான் வேண்டும். இருபது வருடத்தில் நான் பிடித்ததில் அதுதான் படம்."

எல்லோரும் தேடினார்கள். தேடுவதில் பலனில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நானும் சேர்ந்து அடுக்கு அடுக்காகத் தேடினேன். கடைசியில் மேலதிகாரி மட்டைப் பெட்டியைத் திறந்து அந்த மட்டையை எடுத்தார். வாசித்தார். இந்தமுறை வாசித்தார்.

"அழித்தாயிற்று," என்றார். என் பெயரின் இரண்டெழுத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே தன்னுடைய ஒப்பத்தையும் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் என் தோளைத் தட்டினார். "உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? யாருக்குத்தான் தெரிந்திருக்கும்?"

படம் பிடித்தவர் படியேறிப் போனார். எல்லோரும் என்னை மன்னித்துவிட்டுப் போனார்கள். நடந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

தேநீர் நேரத்தில் நாடா இயந்திரக்காரர் என் எதிரில் வந்து இருந்தார். அவர் கனநேரம் கரண்டியால் கோப்பையைக் கலக்கினார்.

"அந்தச் சுருளை அழிப்பதற்கு முன்னால் நான் ஓட்டிப் பார்த்தேன்," என்றார். "இரண்டு தரம்."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அதில் உங்கள் கணவர் இருந்தார்."

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்றைக்குப் பதிவு முடிந்ததும் பின்படிக்கட்டுக்கு சிகரெட் பிடிக்கப் போனேன். அவர் அங்கே நின்றார். அழுகையை நிறுத்த முடியாமல் நின்றார். நான் ஒரு சிகரெட் கொடுத்தேன். உங்களுடைய கணவர் என்று சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, உங்கள் குழந்தையைப் பற்றிச் சொன்னார்."

"குழந்தையைப் பற்றி என்ன?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில் அவர் குழந்தையைக் கையில் வைத்திருந்ததை. வயதான தாதி ஒருத்தி, துணி அடுக்குகிற அறைக்குள் இரகசியமாகக் கூட்டிப் போய்க் கொடுத்தாளாம். ஐந்து நிமிடம். தலை நிறைய முடியாம். ஒரு காது மடிந்திருந்ததாம். அவர் அதை விரலால் நிமிர்த்திவிட்டாராம், அது திரும்ப மடிந்துகொண்டதாம். ஏதாவது பாடவேண்டும் என்று நினைத்தாராம். வாயைத் திறந்தாராம், வரவில்லையாம். அந்தப் பெண் மேடையில் நின்றபோது அதுதான் நினைவு வந்தது என்றார்."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சொல்லவில்லை," என்றேன். "அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?"

"ஆஸ்பத்திரி வைத்தியர் சொல்லக்கூடாது என்றாராம். மனைவிக்கு முன்னால் அழாதே, குழந்தையைப் பற்றிப் பேசாதே, குழந்தை சாமான் எதையும் வீட்டில் வைக்காதே, பேசாமல் விட்டால் மறந்துவிடுவாள், பேசினால் புத்தி பேதலித்துவிடும் என்று. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்." கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். "பிறகு எப்போதாவது உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

"அப்படியானால் நீங்கள் ஏன் அதை அழித்தீர்கள்?"

"உங்கள் கையெழுத்து இருந்ததே," என்றார். "நீங்கள் அதைப் பார்க்க விரும்பவில்லை என்று நினைத்தேன். நீங்கள் விரும்பாததை நான் எப்படி வைத்திருப்பது?"

அன்றைக்குப் பின்னேரம் நினைவு நிகழ்ச்சி போனது. விமான நிலையத்தில் பாடகி கையசைத்தபடி நடந்தார். நான் வீட்டுத் தொலைக்காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில், பிள்ளை போய் மூன்று வருடம் கழித்து, எனக்கு அழுகை வந்தது. யாருக்கு அழுகிறேன் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்க எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்று யாரும் சொல்லாமலே நம்பியிருந்தேன். பதிவறையில் இருந்த பெண் உள்ளே போய்த் தேடினாள், வந்தாள், திரும்பப் போனாள். கடைசியில் ஒரு துண்டுத் தாளில் மேற்குப் புறத்து மயானம் ஒன்றின் பெயரும் ஒரு பகுதி இலக்கமும் எழுதித் தந்தாள்.

அந்த மயானம் பெரியது. ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தேன். வாசல் கந்தோரில் இருந்த வயதான மனிதர் தாளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். கற்கள் வைத்த கல்லறைகளைத் தாண்டி, சிலுவைகளைத் தாண்டி, கம்பி வேலி ஓரத்தில் ஒரு புல்தரைக்குக் கூட்டிப் போனார். கல் இல்லை, பெயர் இல்லை, மேடு கூட இல்லை. புல்லை வெட்டி மட்டமாக வைத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக் குழந்தைகள் எல்லாம் இங்கேதான்," என்றார். "இந்த வேலியிலிருந்து அந்த யூக்கலிப்டஸ் மரம் வரைக்கும். ஒரு குழிக்குள் பல பேர். எது எங்கே என்று எழுதி வைக்கவில்லை."

"என் கணவர் வந்தாரா? யாராவது இலங்கையர், கறுத்த ஆள், வந்து கேட்டாரா?"

"எனக்குத் தெரியாதம்மா. நான் போன வருடம்தான் இங்கே சேர்ந்தேன்."

அவர் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனார். பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மரம் வரைக்கும் நடந்து பார்ப்போம் என்று புல்லில் கால் வைத்தேன். மிதித்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. அதைக் கடந்து முடிக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது.